பெயர் வெளியிட விரும்பாத பழனியாண்டி

பழனியாண்டி முதலாளி தம்முடைய லொறிகள் அத்தனையையும் கொடுத்து முடித்தது ஒரு காலை வேளையில், கையில் இருந்த பிளேன்டீ ஆறுவதற்குள். நுவரெலியா மரக்கறிச் சந்தைக்குப் பின்னால் இருந்த கராஜுக்குச் சாரதிகளை வரச் சொன்னார். வந்து நின்றார்கள். "யாரு யாரு எந்த லொறிய ஓட்டுறீங்களோ அது அவங்கவங்களுக்கு. பேரை மாத்திக்கிருங்க. வெளிய போயி சத்தம் போடாதீங்க" என்றார். வேலையை விட்டு நிறுத்துகிறாராக்கும் என்று நினைத்து, பஸ்லான் என்ற மூத்த சாரதி அழுதார். விஷயம் புரிந்த பிறகு இன்னும் பலமாக அழுதார். முதலாளிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. மிச்சத் தேநீரை வாசலில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அக்கரப்பத்தனைப் பக்கம் பாலத்துமலையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்றில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே நுவரெலியாவுக்கு வந்து லீக்ஸ் மூட்டை தூக்கியவர் அவர். தூக்கின லீக்ஸைப் பிறகு விற்றார். விற்ற லீக்ஸைப் பிறகு சொந்த லொறியில் கொழும்புக்கு அனுப்பினார். அப்புறம் குளிர் அறைகள், உரக்கடை, ஏரியைப் பார்த்தபடி ஒரு ஹோட்டல் என்று வளர்ந்துகொண்டே போனது. ஊரில் லீக்ஸ் முதலாளி என்றுதான் பேர். பிள்ளைகள் இல்லை. நோய் எதுவும் வரவில்லை. சாமியார் யாரும் வந்து ஞானம் சொல்லவும் இல்லை. ஒருநாள் ஹோட்டல் மாடியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, போதும் என்று தோன்றியது. மனைவி மீனம்மாவிடம் சொன்னார். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். "இப்பயாவது தோணுச்சே" என்றார்.

ஹோட்டலை விற்ற காசு எங்கே போனது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. வலப்பனையிலும் ராகலையிலும் சில பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். எப்படிப் போனோம் என்று அவர்களுக்கும் தெரியாது. கொடுப்பதில் முதலாளிக்கு இருந்தது ஒரே பிடிவாதம், தன் பேர் வரக்கூடாது. சின்ன வயதில் யாரோ பெரியவர்கள் மேடையில் வைத்து அவருக்கு ஒரு சட்டை கொடுத்தார்கள். போட்டோ சரியாக விழவில்லை என்று அதைத் திரும்ப வாங்கி, இன்னொரு தடவை கொடுத்தார்கள். அந்தச் சட்டையை அவர் போட்டதே இல்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பாலத்துமலையில் ஒரு சாவு விழுந்தது. தூரத்துச் சொந்தம். காரியம் முடிந்து இறங்கி வருகையில், பாதையோரத்துப் பிள்ளைமடுவத்தைப் பார்த்து நின்றுவிட்டார். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. பின்சுவர் மேலிருந்து கீழ் வரை வெடித்து, விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. அதற்குப் பின்னால் மலை, மழையில் ஊறி, குனிந்து எட்டிப்பார்ப்பது மாதிரி நின்றது. உள்ளே சேலைத் தொட்டில்களில் குழந்தைகள் தூங்கின. பொறுப்பாக இருந்த நாகலெட்சுமி என்ற பெண் வெளியே வந்தாள்.

"ஏம்மா, இந்தச் செவுரு எப்ப வெடிச்சது?"

"போன வருச மழையிலங்க. சபையிலருந்து வந்து பாத்தாங்க. பாத்துட்டு போர்டு போட்டுட்டுப் போனாங்க."

வெடிப்புக்கு மேலேயே ஆணி அடித்துப் பலகை தொங்கியது. 'அபாயம்! இது மண்சரிவு வலயம். இங்கு குழந்தைகளை வைத்திருக்க வேண்டாம்.' கீழே தோட்ட மக்கள் நல்வாழ்வு மேம்பாட்டுச் சபையின் தலைவர், படத்தில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப புள்ளைங்கள எங்க வைக்கச் சொன்னாங்க?"

"அதப் போர்டுல போடலைங்க" என்றாள் நாகலெட்சுமி. "பெருமழை வந்தா கொழுந்து நிறுக்குற மடுவத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். ஆணி அடிச்ச பொறவுதாங்க வெடிப்பு கூடிப்போச்சு."

அன்றே முதலாளி முடிவு செய்துவிட்டார். கோயிலுக்குப் பக்கத்தில் சமதரை இருந்தது. நல்லதாக ஒரு பிள்ளைமடுவம் கட்டிக் கொடுத்துவிடலாம். தோட்டத்தை நிர்வகித்த துரை சின்ன வயதுக்காரர், தங்கமானவர். "எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை, சபையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் வில்லங்கம்.

சபையின் காரியாலயம் நுவரெலியாவில் இருந்தது. சுவர் முழுக்கப் போட்டோக்கள். தலைவர் கண்ணாடி கொடுக்கிறார். தலைவர் பள்ளிக் கொப்பி கொடுக்கிறார். தலைவரும் இன்னும் பல பேரும் சேர்ந்து ஒரு சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதில் உட்கார்ந்திருப்பவர் தெரியவில்லை. பணிப்பாளர் திலக்ஷன், கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர், முதலாளியை ஓடிவந்து வரவேற்றார்.

"எவ்வளவு பெரிய மனசுங்க ஐயா உங்களுக்கு! விழாவை எந்த மண்டபத்தில வைக்கலாம்?"

"விழா ஒன்னும் வேணாங்க தம்பி. கட்டிக் குடுத்துர்றேன். என் பேரும் வேணாம்."

திலக்ஷன் பேனாவைக் கீழே வைத்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஏன் ஐயா, கேஸ் ஏதும் இருக்கா?"

"இல்லிங்க."

"எலெக்சன் கேக்கப் போறீங்களா?"

"எனக்கு எதுக்குங்க அது?"

"அப்போ மாலையை யாருக்குப் போடுறது?"

"யாருக்கும் போட வேணாங்க."

"அப்படி எப்படி ஐயா? இந்தச் சபையில நாங்க செய்யிற வேலையே அதுதானே" என்றார் திலக்ஷன். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டார்.

விஷயம் பாராட்டுக் குழுவுக்குப் போனது. முதலாளியை வரச் சொன்னார்கள். நீள மேசையின் ஒரு பக்கம் குழு. மறுபக்கம் ஒற்றை நாற்காலியில் அவர். லொறியைக் கொடுத்த அன்றைக்கு வராத வியர்வை இப்போது வந்தது. பஸ்லான் தமக்கு லொறி கிடைத்த பிறகும் முதலாளிக்குக் கார் ஓட்டுவதை விடவில்லை. வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார்.

தலைவர் பேசினார். மூன்று பேர் இருந்தாலும் மேடையில் பேசுவதைப் போலத்தான் அவர் பேசுவார்.

"பெரியவர் அவர்களே! இந்தத் தோட்ட மக்களுக்காக நாங்கள் ஆண்டாண்டு காலமாகக் கவலைப்பட்டு வருகிறோம். கவலைப்படுவதற்கென்றே இந்தக் கட்டடம். கவலைப்படுவதற்கென்றே வாகனங்கள், ஊழியர்கள். இப்படியிருக்க ஒருவர் திடீரென்று வந்து, யாரிடமும் சொல்லாமல், ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்டுப் போய்விடுவாரானால், நாளைக்கு மக்கள் எங்களிடம் வந்து என்ன கேட்பார்கள்?"

"ஒன்றும் கேட்க மாட்டார்கள், தலைவர் அவர்களே. ஆபத்தே அதில்தான் இருக்கிறது" என்றார் உபதலைவர்.

"எதற்காகக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார் செயலாளர்.

"செவுரு வெடிச்சிருக்குங்க. புள்ளைங்க இருக்கு."

"அது காரணம். நாங்கள் நோக்கத்தைக் கேட்கிறோம்."

முதலாளி யோசித்துப் பார்த்தார். வேறொன்றும் அகப்படவில்லை. "வேற ஒன்னும் இல்லிங்க" என்றார். குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சாமர்த்தியமாக மறைக்கும் ஆளை அவர்கள் அதுவரை சந்தித்ததில்லை.

கடைசியில் வழி பிறந்தது. நன்கொடையாளர்களில் 'பெயர் வெளியிட விரும்பாதோர்' என்று ஒரு புதிய பிரிவை உண்டாக்கி, அதில் முதலாவது ஆளாக அவரைச் சேர்த்தார்கள். அந்தச் செய்தி மறுநாளே பத்திரிகையில் வந்தது. 'பெயர் வெளியிட விரும்பாத வள்ளல் பழனியாண்டி' என்று தலைப்பு. பக்கத்தில் அவர் வியர்வை துடைக்கும் படம்.

மீனம்மா பேப்பரைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் விழுந்திருக்கீங்க" என்றார்.

போகட்டும் என்று முதலாளி வேலையைத் தொடங்கினார். கட்டடம் கட்டுவது அவருக்குச் சிரமமாக இருக்கவில்லை. மேசன் பாஸ்மார்களும் கூலியாட்களும் சிமெந்தும் அவர் சொன்னபடி கேட்டன. பச்சை ஜன்னல்கள் வைத்தார், தவழும் பிள்ளையும் வெளியே பார்க்கிற மாதிரித் தரையோடு பதிவாக. கைகழுவும் தொட்டிகள், கழிப்பறைகள் எல்லாம் குழந்தைகளின் உயரத்துக்கு. தொட்டில் கட்டக் கூரையில் இரும்பு வளையங்கள். குளிருக்கு வெந்நீர். நாகலெட்சுமி தினமும் பகல் சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். வளையம் ஒன்றில் தொங்கிக்கூடப் பார்த்தாள். "என்னையே தாங்குதுங்க" என்று சிரித்தாள்.

பெயின்ட் காய்ந்துகொண்டிருந்த அன்று திலக்ஷன் வந்தார். கட்டடத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது.

"என்ன ஐயா இது? முடிச்சிட்டீங்களே!"

"ஆமாங்க. நாளைக்கே புள்ளைங்கள கொண்டாந்துரலாம்."

"தலைவர் இன்னும் அடிக்கல் நடலையே ஐயா!"

முதலாளி கட்டடத்தைப் பார்த்தார். அது ஓடு வேய்ந்து முழுசாக நின்றது. "அதான் நிக்குதுங்களே" என்றார் மெதுவாக.

"நிக்கிறது வேற. அடிக்கல் இல்லாம நிக்கிற கட்டடத்தை நாங்க எப்படிப் பாரம் எடுக்கிறது?"

ஆகவே அடிக்கல் நாட்டு விழா நடந்தது. மண்டபத்தின் நட்டநடுவில், அப்போதுதான் மெழுகி முடித்த சிமெந்துத் தரையை அலவாங்குக் கம்பி போட்டு இடித்துக் குழி தோண்டினார்கள். தப்பும் நாதஸ்வரமும் முழங்கத் தலைவர் வந்தார். குளித்து, பௌடர் பூசி, கையில் காகிதக் கொடியோடு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தலைவர் குழியில் கல்லை வைத்துவிட்டு, நிமிர்ந்து, சுற்றியிருந்த நான்கு சுவர்களையும் கூரையையும் பார்த்தார்.

"இந்த இடத்திலே," என்றார், "மிக விரைவிலே ஒரு அழகிய கட்டடம் எழும்பும் என்று உறுதி கூறுகிறேன்!"

எல்லோரும் கை தட்டினார்கள். கூரைக்குக் கீழே நின்று தட்டியதால் சத்தம் நன்றாகக் கேட்டது.

பெயர்க் கல் அதற்கடுத்த வாரம் வந்தது. மூன்று மொழியிலும் தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், அவர்களுடைய பட்டங்கள், எல்லாம் பொறிக்க வேண்டியிருந்ததால் கல் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அதை வைக்க வேறு இடம் போதாமல், முன்பக்கத்துப் பச்சை ஜன்னல் ஒன்றை அடைத்து வைத்தார்கள். கடைசி வரியில், 'தமது பெயரை வெளியிட விரும்பாத கொடையாளி திரு. பழனியாண்டி' என்று பொன்னெழுத்தில் இருந்தது. பிறகு திலக்ஷன் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எதுக்குங்க பூட்டுறீங்க?"

"திறப்பு விழா வரைக்கும்தான் ஐயா."

திறப்பு விழாவுக்குத் தலைவருக்கு நேரம் கிடைக்கவில்லை. முதலில் அவர் சிறுபிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய ஒரு மாநாட்டுக்காகக் கடலோர நகரம் ஒன்றுக்குப் போனார். மாநாடு முடிந்தும் கடல் முடியவில்லை. திரும்பி வந்ததும், நாடாவைத் தலைவர் வெட்டுவதா, உபதலைவரும் சேர்ந்து வெட்டுவதா என்று தகராறு. ஒரே கத்தரிக்கோலில் இருவர் விரலும் நுழையாது. அதற்குள் ஆனி மழை பிடித்துக்கொண்டது.

மலைநாட்டு ஆனி மழை நின்று பெய்யாது, படுத்துப் பெய்யும். ஒருநாள் விட்டு ஒருநாள் நாகலெட்சுமி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிறுவை மடுவத்துக்கு ஓடினாள். போகிற வழியில்தான் புதுக் கட்டடம். அதன் வாசல்படியில் ஒதுங்கி ஈரம் துடைத்துவிட்டு, மறுபடி ஓடுவாள். பூட்டைப் பார்க்க மாட்டாள்.

முதலாளி காரியாலயத்துக்கு நடையாய் நடந்தார்.

"தம்பி, விழாவ எப்ப வேணும்னாலும் வச்சிக்கிருங்க. பூட்ட மட்டும் இப்ப தொறந்து விடுங்க. புள்ளைங்க உள்ள இருக்கட்டும்."

திலக்ஷன் கெட்டவர் அல்ல. அவருக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அதனால் பொறுமையாக விளக்கினார். "யோசிச்சுப் பாருங்க ஐயா. புள்ளைங்க உள்ள போயிட்டா கட்டடம் திறந்ததா ஆயிடும். திறந்த கட்டடத்தைத் தலைவர் எப்படி ஐயா திறப்பார்?"

முதலாளி நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டார். பிறகு, வாழ்நாளில் சொல்வேன் என்று நினைத்திராத ஒன்றைச் சொன்னார்.

"என் பேரைப் பெருசா போட்டுக்கிருங்க. மாலை போடுங்க, எத்தன போட்டோ வேணும்னாலும் எடுங்க, மேடையில ஏறிச் சிரிக்கிறேன். என்ன வேணும்னாலும் செய்யிறேன். தொறந்து விடுங்க தம்பி."

திலக்ஷனுக்கு மெய்யாகவே வருத்தமாக இருந்தது. "இதை முதலே சொல்லியிருக்கலாமே ஐயா. இப்ப உங்களைப் பெயர் வெளியிட விரும்பாதோர் பிரிவில போட்டாச்சு. மாத்துறதுன்னா குழு கூடணும். குழு கூட தலைவர் வேணும்."

முதலாளி வெளியே வந்து காரில் ஏறினார். பஸ்லான் கண்ணாடியில் பார்த்தார். "என்ன மொதலாளி சொன்னாங்க?" முதலாளி கதவை இழுத்துச் சாத்தினார். "வீட்டுக்கா?" என்றார் பஸ்லான். "பாலத்துமலைக்கு விடு" என்றார் முதலாளி. "போற வழியில ஒரு அலவாங்கு வாங்கிக்க."

அவருக்கு வயது போயிருந்தாலும் தோள் பழைய தோள்தான். பூட்டு பாதி வளைந்துவிட்டது. அதற்குள் சபை அங்கே போட்டிருந்த காவலாளி தொலைபேசியில் சொல்லி, பொலிஸ் ஜீப் வந்தது. பொதுச் சொத்துக்குள் அத்துமீறி நுழைய எத்தனித்ததாக முறைப்பாடு. பொலிஸ் நிலையத்து வாங்கில் முதலாளியும் பஸ்லானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அலவாங்கைச் சாட்சிப் பொருளாகச் சுவரில் சாத்தியிருந்தார்கள். பொறுப்பதிகாரி சிங்களவர், முதலாளியைச் சந்தையில் பார்த்துப் பழகியவர். அவருக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்துத் தமிழிலேயே பேசினார்.

"முதலாளி, அது நீங்க கட்டினதுதானே?"

"ஆமாங்க மாத்தயா."

"நீங்கதானே குடுத்தது?"

"ஆமாங்க."

"அப்ப குடுத்தாச்சுதானே. குடுத்த சாமான் நம்மடது இல்லைதானே, முதலாளி." அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. இனிமேல் அந்தக் கட்டடத்துப் பக்கம் போவதில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்.

அந்த வாரக் கடைசியில், தூறல் மட்டும் இருந்த ஒரு முற்பகல், பழைய மடுவத்துக்குப் பின்னால் தேயிலை வேர்கள் அறுபடும் சத்தத்தை நாகலெட்சுமி கேட்டாள். சீலை கிழிகிற மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாள். நடக்கிற பிள்ளைகளை மழைக்குள் விரட்டினாள். கைக்குழந்தைகளை வாரிக்கொண்டு ஓடி, பாதையில் போன பெண்களிடம் கொடுத்தாள். எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. தொட்டிலில் தூங்கிய பிள்ளை. திரும்ப உள்ளே போனாள். பிள்ளையோடு வாசலைத் தாண்டும்போது பின்சுவர் வந்து விழுந்தது. பிள்ளைக்குக் கீறல்கூட இல்லை. நாகலெட்சுமியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது.

முதலாளி ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். அவளுக்கு இன்னும் தெரியாது.

"புள்ளைங்கள யாருங்க பாத்துக்குறாங்க?" என்று கேட்டாள்.

"ஷாமிலான்னு ஒரு புள்ளைய விட்டிருக்காங்கம்மா. நிறுவை மடுவத்துல வச்சிருக்கு."

"அங்க காத்து அடிக்குங்க. காத்து மறைக்க ஒரு படங்கு கட்டச் சொல்லுங்க." பிறகு தயங்கி, "புதுசுல இன்னும் விடலைங்களா?" என்றாள்.

"விட்டுருவாங்கம்மா" என்றார். வியாபாரத்தில்கூட அவர் இப்படிப் பொய் சொன்னதில்லை.

ஆனால் சபை இப்போது உண்மையாகவே துரிதமாக இயங்கியது. அன்று மாலையே அவசரக் கூட்டம். நாடாத் தகராறு நிமிஷத்தில் தீர்ந்தது, இரண்டு கத்தரிக்கோல்கள். வரும் வெள்ளிக்கிழமையே கட்டடம் திறக்கப்படும் என்று ஸ்பீக்கர் கட்டி லயம் லயமாக அறிவித்தார்கள். முதலாளி மீனம்மாவிடம் சொன்னார். மீனம்மா சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார். குழு கூடி, முதலாளியைப் பெயர் வெளியிட விரும்புவோர் பிரிவுக்கு மாற்றிவிட்டதாகவும், மேடைக்கு அவர் வந்தே தீரவேண்டும் என்றும் திலக்ஷன் தொலைபேசியில் சொன்னார். வருகிறேன் என்றார். பொலிஸாரும் அன்று ஒருநாளைக்கு மட்டும் அனுமதித்தார்கள்.

வெள்ளிக்கிழமை தலைவர் ஒரு பக்கமும் உபதலைவர் மறுபக்கமும் நாடாவை வெட்டினார்கள். நடுத்துண்டு கீழே விழுந்தது. கதவு திறந்தது. முதலாளி எட்டிப் பார்த்தார். உள்ளே மேசைகள் போட்டிருந்தார்கள். நாற்காலிகள், அலமாரி, கணினி, தலைவரின் படம். கூரையில் தொட்டிலுக்காகப் பதித்த இரும்பு வளையங்களில் மின்விசிறிகள் தொங்கின, அந்தக் குளிரில்.

"தம்பி, இது என்னா?"

"விசாரணை அலுவலகம் ஐயா" என்றார் திலக்ஷன் பெருமையாக. "பழைய மடுவம் எப்படி விழுந்ததுன்னு விசாரிக்க வேணாமா? இந்தப் பக்கத்திலேயே பாதுகாப்பான கட்டடம்னா இது ஒன்னுதான். நல்ல வேளை, நீங்க கட்டியிருந்தீங்க." பிறகு காதோடு சொன்னார். "கைகழுவுற தொட்டி மட்டும் ரொம்பப் பதிவா இருக்கு ஐயா. அதிகாரிங்க குனிய வேண்டியிருக்கு. கழிப்பறையும் அப்படித்தான். கொஞ்சம் பாத்து உயர்த்திக் குடுத்தா நல்லது."

தலைவர் பேசினார். "இந்த மக்களின் துயரத்தை இதுவரை நாம் தூரத்தில் இருந்து பார்த்தோம். இனி ஜன்னல் வழியாகவே பார்க்கலாம்! ஒரு தாய் தன் காலைக் கொடுத்து ஒரு குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறாள். அந்தக் கால் வீண்போக விடமாட்டோம். அதைப் பற்றி முழுமையான அறிக்கை வெளிவரும் வரை இந்தக் கட்டடத்தை விட்டு நாங்கள் அசையமாட்டோம் என்று உறுதி கூறுகிறேன்!"

பிறகு பழனியாண்டி முதலாளிக்கு மாலை போட்டார்கள். ஆளுயர மாலை, கழுத்தை அமுக்கியது. போட்டோக்காரர் ஒருவர் பின்வரிசையில் இருந்து ஓடிவந்து, "சரியா விழலை, இன்னொரு தடவை" என்றார். கழற்றினார்கள், திரும்பப் போட்டார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை அவர் முன்னால் வைத்தார்கள்.

அவர் இதுவரை மைக்கில் பேசியதில்லை. தொண்டையைக் கனைத்தார். ஸ்பீக்கர் கீச்சென்றது.

"புள்ளைங்கள உள்ள விடுங்க" என்றார்.

கை தட்டினார்கள்.

கேட்கவில்லையாக்கும் என்று, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து மறுபடி சொன்னார். "புள்ளைங்கள உள்ள விடுங்க!"

இந்தத் தடவை எழுந்து நின்று தட்டினார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதயத்திலிருந்து வந்த, இவ்வளவு சுருக்கமான உரையைத் தன் பொதுவாழ்வில் கேட்டதில்லை என்று அறிவிப்பாளர் சொன்னார். பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் உள்ளே போனார்கள்.

முதலாளி போகவில்லை. மாலையைக் கழற்றிக் கார் சீட்டில் போட்டுவிட்டு, தூறலில் நிறுவை மடுவத்துக்கு நடந்தார். படங்கு கட்டியிருந்தார்கள், கீழ்ப்பக்கம் அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. ஷாமிலாவுக்குப் பதினெட்டு வயதிருக்கும். ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே மற்றவர்களை அதட்டிக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து பகல் கொழுந்து வந்தது. பெண்கள் நனைந்த பைகளோடு வரிசையாக வந்து நின்றார்கள். தராசு மாட்ட வேண்டும். கணக்கப்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

"கொஞ்ச நேரந்தான் ஷாமிலா. நிறுத்து முடிச்சதும் உள்ள வந்துருங்க."

ஷாமிலா பிள்ளைகளை ஓரமாக இறக்கினாள். கூரை விளிம்புக்குக் கீழே எல்லோருக்கும் இடம் போதவில்லை. "அய்யா, இவளக் கொஞ்சம் வச்சிக்கிருங்க" என்று ஒரு சின்னப் பெண்ணை முதலாளியின் கையில் கொடுத்துவிட்டு, அடுத்ததைத் தூக்க ஓடினாள்.

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்திருக்கும். மூக்கு ஒழுகியது. முதலாளி சால்வை நுனியால் துடைத்துவிட்டு, அதையே அதன் தலைக்கு மேல் பிடித்தார். எதிரே பச்சை ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. உள்ளே இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிரிப்பும் கறிவாசமும் மழையைத் தாண்டி வந்தன. குழந்தை விரலை நீட்டியது.

"தாத்தா, அங்க போவோம்."

"அங்க வேணாம் சாமி."

"அங்க போவோம்" என்றது மறுபடி.

அவர் வேறு பக்கம் பார்த்தார். குழந்தை அவருடைய முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, அழுவதற்காக மெல்ல உதட்டைப் பிதுக்கியது. இறக்கிவிடலாம் என்று முதலாளி கீழே பார்த்தார். எங்கும் சேறாக இருந்தது. கையை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.